நித்திரை என்று நினைத்தது

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என்ன வருத்தம் என்று விசாரித்தவர்களுக்கு எங்கள் வீட்டில் நியூமோனியா என்று சொன்னார்கள். அதில் பொய் இல்லை. எக்ஸ்ரே படத்தில் என் வலது நுரையீரலின் அடிப்பாதி வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நியூமோனியா எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வந்தால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். தங்கச்சி றீற்றா குசினிக்குள் போய்விடுவாள்.

இத்தனை வருடம் கழித்து நான் அதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாகச் செல் குண்டுச் சத்தம் இல்லை, விளக்குக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் கிடைத்திருக்கிறது. முன்பு இதையெல்லாம் எழுதிவைத்த கொப்பி ஒன்று இருந்தது. அது என்னுடையதல்ல. அதை வைத்திருந்த வீடு இந்திய ஆமிக் காலத்துச் சண்டையில் எரிந்துபோனது. அதில் எங்கள் வீட்டைப் பற்றி இருந்ததை அறிந்தவர்களில் இப்போது குருநகரில் மிஞ்சியிருப்பது நானும் இன்னொருவரும்தான். அந்த இன்னொருவர் என்னோடு கதைப்பதில்லை.

ரெஜி எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீடு. அவனுடைய தாய் பிலோமினா சந்தையில் மீன் விற்பவர். நான் அவரைப் பிலோமி மாமி என்றுதான் கூப்பிடுவேன். தகப்பனைக் கடல் கொண்டுபோய்விட்டது. ரெஜி ஒரே பிள்ளை. நானும் அவனும் ஒரே வகுப்பில் படிப்பைக் குழப்பினோம், ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனோம். நேவி கடலில் இறங்க விடாத மாதங்களில் இருவரும் ஒன்றாகவே ஜெர்மனிக்கு வெளிக்கிட்டோம். எங்கள் ஜெர்மனி கொழும்பில் ஒரு லொட்ஜின் மாடி அறையோடு முடிந்துவிட்டது. இன்றைக்கு அனுப்புகிறேன், நாளைக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரனை நம்பி எட்டு மாதம் அங்கே கிடந்தோம். பக்கத்து அறையில் இருந்த ஒருவன் தூளைப் பழக்கினான். பேப்பரில் ஹெரோயின் என்று போடுவார்களே, அதுதான். அவன் பழக்கினான் என்று எழுதுவது எனக்கு வசதி. கையை நீட்டியது நான்தான்.

ஏஜென்சிக்காரன் காசோடு மாறிவிட்டான். நாங்கள் ஊருக்கு வந்தோம். வந்து இரண்டரை மாதம் தூளைத் தொடவில்லை. விட்டுவிட்டோம் என்று எங்களுக்கு நாங்களே பெருமையடித்துக்கொண்டோம். பிறகு கொழும்பிலிருந்து வந்த ஒருவனிடம் கொஞ்சம் கிடைத்தது. ஒரு நாள் மத்தியானம், வள்ளங்கள் கரை சேர்ந்து, மீன் விற்று முடிந்து, ஆட்கள் சாப்பிட்டுச் சரிந்துவிட்ட நேரம். கரையில் வலையும் துடுப்பும் வைக்கிற ஓலைக் கொட்டிலை வாடி என்போம். அப்பாவின் வாடிக்குள் இருந்து, கொழும்பில் எடுத்த அதே அளவை இருவரும் எடுத்தோம்.

நாங்கள் விட்ட பிழை என்னவென்று பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார்கள். நாள்தோறும் எடுக்கிற உடம்பு தூளுக்குப் பழகிப்போகிறது. கொஞ்ச நாள் விட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். அதன் பிறகு பழைய அளவு நஞ்சு. மூச்சை இழு, மூச்சை விடு என்று எந்நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிற இடம் ஒன்று மூளையில் இருக்கிறதாம். தூள் அந்த இடத்தை மயங்க வைத்துவிடும். நோவு இல்லை, பயம் இல்லை. மூச்சு விட மறந்துபோகிறோம், அவ்வளவுதான்.

அந்த மத்தியானத்தில் எனக்கு வேறொன்றும் ஞாபகமில்லை. மற்றவர்கள் சொன்னதைத்தான் எழுதலாம். அப்பா கயிறு எடுக்க வாடிக்கு வந்திருக்கிறார். என் உதடு நீலம், வாயில் நுரை. என் தலை காய்ந்திருந்தது, இடுப்பில் கட்டியிருந்த சாரம் காய்ந்திருந்தது. ஆனால் நாற்பது வருடம் கடலில் நின்ற மனிதருக்கு நீல உதடும் நுரையும் ஒன்றைத்தான் சொல்லும். கடலில் தண்ணீர் குடித்தவனை எங்கள் கரையில் கவிழ்த்த வள்ளத்தின் முதுகில் குப்புறப் போட்டு முன்னும் பின்னும் உருட்டுவார்கள். அப்பா என்னையும் வெளியே இழுத்துவந்து அப்படியே உருட்டினார். எனக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. வயிற்றில் இருந்தது மேலே வந்து நுரையீரலுக்குள் போனது. நியூமோனியா வந்த கதை அதுதான். உருட்டியும் தண்ணீர் வராமல் போகவே அப்பா என் வாயில் வாய் வைத்து ஊதத் தொடங்கினார். சத்தம் கேட்டு வந்தவர்கள் வான் ஒன்றைப் பிடித்தார்கள். பெரியாஸ்பத்திரி வாசல்வரை அப்பா ஊதிக்கொண்டே வந்தாராம்.

ரெஜி வாடியிலேயே முடிந்துவிட்டான். அப்பா வந்து பார்த்தபோதே அவன் குளிர்ந்துபோயிருந்தான் என்று ஊர் முழுக்கத் தெரியும். சொன்னவர் அப்பா.

நான் கண் விழித்தது மூன்றாம் நாள். தூளின் மயக்கத்தைச் சில நிமிடத்தில் முறிக்கிற ஊசி ஒன்று உலகத்தில் இருக்கிறதாம். கொழும்புப் பாதை திறக்குமா பூட்டுமா என்று தெரியாத அந்த நாட்களில் பஞ்சும் சேலைனும் வந்துசேர்வதே பெரிய காரியம். அதனால் தாதிமாரான மிஸ்ஸிமாரும் அற்றெண்டனும் முறை வைத்து, இரப்பர்ப் பை ஒன்றைக் கையால் அமத்தி அமத்தி எனக்காக மூச்சு விட்டிருக்கிறார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. கண் விழித்ததும் நன்றி சொல்லத் தோன்றவில்லை. ஏன் எழுப்பினார்கள் என்றுதான் தோன்றியது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு காய்ச்சல், ஊசி, இருமல். விலா முறிந்தவன் இருமுவது என்னவென்று பட்டவனுக்குத்தான் தெரியும். இருமினால்தான் நுரையீரல் துப்பரவாகும் என்று ஒரு மிஸ்ஸி தலையணையை என் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, இருமு, இருமு என்று நிற்பார். எக்ஸ்ரே எடுக்கச் சக்கரக் கதிரையில் தள்ளிப்போவார்கள். வாங்கில் காத்திருக்கும் சனம் என்னை மேலும் கீழும் பார்க்கும். கதை எனக்கு முன்னரே அங்கே போயிருக்கும். ஆமி இருக்கிற கோட்டைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் நடக்கக் கூடியவர்கள் கட்டிலுக்குக் கீழே போவார்கள். சேலைன் குழாயோடு நான் மேலேயே கிடப்பேன், விழுந்தால் விழட்டும் என்று. இரவில் நித்திரை வராது. ரெஜி செத்துப்போனான் என்ற நினைவும், கொஞ்சம் தூள் கிடைத்தால் இந்த நினைவு போய்விடும் என்ற நினைவும் அடுத்தடுத்து வரும். வெட்கம் கெட்ட உடம்பு.

வீட்டாரின் அன்பைத் தாங்குவது அதைவிடப் பெரிய பாடு. றீற்றா பள்ளிக்கூடம் விட்டதும் வந்து சீப்பால் என் தலை இழுத்துவிடுவாள். அப்பா காலமையும் பின்னேரமும் வந்து கால்மாட்டில் இருந்து என் பாதத்தைத் தேய்த்துவிடுவார். என் நகத்தைக்கூட வெட்டிவிட்டார். ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு முறை கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கேட்கவில்லை.

பிலோமி மாமியும் வந்தார். மகனை அடக்கம் செய்து நாலாம் நாள் சந்தைக்குப் போனவர், போகிற வழியில் என்னிடம் வரத் தொடங்கினார். கறுப்புச் சேலை, இடுப்பில் மீன் கடகம், கையில் தூக்குச் சட்டி. விளைமீன் சொதியும் இடியப்பமும். ஊட்டிவிடுவார். ரெஜிக்கு ஊட்ட வேண்டியதையெல்லாம் எனக்கு ஊட்டுகிறார் என்று தெரிந்துகொண்டே வாயைத் திறப்பேன். ஒரு நாள் சொன்னார்: “உன்ரை அப்பா போகேக்கையே அவன்ரை சீவன் போட்டுதாம். அந்தரப்படாமல் போயிருக்கிறான். அதை நினைச்சுத்தான் நான் எழும்பி நடக்கிறன், அன்ரன்.”

ஆறாம் நாள் புதிதாக இருவர் வந்தார்கள். ஒருவர் மங்களா டொக்டர், பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் படிப்பிப்பவர், அளவெட்டிப் பக்கம். மற்றவன் சிவநேசன், அவரிடம் படிக்கும் மாணவன், சாவகச்சேரி. தூளால் செத்தவர்களைப் பற்றியும் செத்துப் பிழைத்தவர்களைப் பற்றியும் கரையோர ஊர்களில் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று அம்மா பயந்து பயந்து சொன்னார். ஆராய்ச்சி என்றதும் எனக்கு எரிச்சல் வந்தது. எங்களைப் பூச்சி புழுவைப்போலப் போத்தலில் போட்டுப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

பிறகுதான் மாமி சொன்னார். ரெஜியின் சாவு தற்கொலையோ என்று கோயிலில் யோசித்தார்களாம். அப்படியானால் அடக்கப் பூசை என்ன ஆகும் என்று மாமி விறைத்துப்போய் இருந்தபோது, இந்த டொக்டர் வந்து பங்குச் சுவாமியாரோடு ஒரு மணித்தியாலம் கதைத்து, இது தற்கொலை இல்லை, விபத்து என்று விளங்கப்படுத்தி, கடிதமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ரெஜியின் செத்த வீட்டில் சிவநேசன் வாங்கு தூக்கிப் போட்டிருக்கிறான். அதன் பிறகு நான் திரும்பிப் படுக்கவில்லை.

மங்களா டொக்டர் ஏன் எடுத்தாய் என்று கேட்கவேயில்லை. யார் முதலில் கண்டது, கண்டவர் கையால் என்ன செய்தார், எவ்வளவு நேரம் போனது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர ஏன் பயம் என்றுதான் கேட்டார். பயம் ஏன் என்று சொல்ல எல்லோருக்கும் வாய் இருந்தது. பெயர் பதிந்தால் பொலிஸ் வரும், பொலிஸ் வராவிட்டால் துவக்கு வைத்திருக்கிற மற்றவர்கள் வருவார்கள். பிள்ளை சாகிறதா, பிள்ளையைச் சாக்கொல்ல வருவார்களா என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குள் வைத்திருப்பார்கள். டொக்டரின் கொப்பியில் ஒரு பெயரும் இருக்காது. அவருக்கு இன்னொரு முறையும் இருந்தது. ஒரு வீட்டைப் பற்றி எழுதியதை அந்த வீட்டாரைக் கூட்டிவைத்து வாசித்துக் காட்டுவார். அவர்கள் வெட்டச் சொன்னதை வெட்டுவார். எல்லா வீட்டிலும் எடுத்ததைச் சேர்த்து, எதைக் கண்டால் என்ன செய்வது என்று ஒரு தாளாக்கி, கோயில்களிலும் வலை பொத்துகிற இடங்களிலும் வாசிப்பது திட்டம். மரக்கறிச் சாப்பாட்டுக்காரர். மீன் கடகத்துக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார். மாமி அதைக் கண்டு, இரண்டு நாள் சந்தைக்கு வந்தால் மூக்குத் திருந்திவிடும் என்று பகிடி பண்ணுவார். மகன் செத்த பிறகு மாமி சிரித்ததை அங்கேதான் கண்டேன்.

பத்தாம் நாள் என்று நினைக்கிறேன். அப்பா என் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். டொக்டர் அவரிடம், உருட்டியது கெடுதல், ஊதியதுதான் மகனைக் காப்பாற்றியது என்று ஆறுதலாகச் சொன்னார். அப்பாவுக்கு உள்ளுக்குள் பெருமை. பிறகு டொக்டர் சிவநேசனுக்குச் சொல்வதுபோல எல்லோருக்கும் சொன்னார்: போன வீடுகளில் பாதியில் ஒரே கதை, பிள்ளை குறட்டை விட்டது, நித்திரை என்று விட்டுவிட்டோம் என்று. அது நித்திரைக் குறட்டை இல்லை. நாக்குப் பின்னால் விழுந்து தொண்டை அடைபடுகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். சரித்துப் படுக்கவைத்து, தட்டி எழுப்பி, எழும்பாவிட்டால் ஊதி, தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும்.

என் பாதத்தில் அப்பாவின் கை நின்றுவிட்டது.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்து, பக்கத்துக் கட்டில்காரர் கக்கூசுக்குப் போகும்வரை பார்த்திருந்து சொன்னார்.

“அவன் குறட்டை விட்டவன், தம்பி. ரெஜி. நான் போகேக்கை.”

இரவு கடலுக்குப் போய்வந்து மத்தியானத்தில் வாடியில் படுப்பவனை எங்கள் கரையில் யாரும் எழுப்ப மாட்டார்கள். சண்டை வந்தாலும் தள்ளிப்போய்ப் பிடிப்பார்கள். குறட்டை விட்டால் நல்ல அலுப்பு என்று சொல்லிக்கொண்டு கடந்துபோவார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். நுரை தள்ளியது நான். ரெஜி படுத்திருந்தான். ஓலைப் பொத்தலால் வெயில் விழுகிறது, இலையான் மொய்க்கிறது என்று வள்ளத்தின் பழைய பாய்ச்சீலை ஒன்றை எடுத்து அவனைப் போர்த்திவிட்டு என்னை வெளியே இழுத்திருக்கிறார். வந்தவர்களிடமும், உள்ளே ரெஜி படுக்கிறான், எழுப்பவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பொழுதுபட வலை எடுக்க வந்த ஒருவர் பாய்ச்சீலையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் ஊருக்கு விளங்கியது. அப்பா அப்போது ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார். செய்தி வந்ததும், நான் கண்டபோதே அவன் குளிர்ந்துபோய்க் கிடந்தான் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். ஒருமுறை சொன்னதைப் பிறகு மாற்ற முடியவில்லை. படுக்கிறான் என்று அவர் சொன்னதைக் கேட்டவர்களும் அதைக் கிளறவில்லை.

டொக்டருக்குச் சொல்லப்போகிறேன் என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லாதேங்கோ என்று கெஞ்சினேன். மாமி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறார், அதையும் பறிக்கவேண்டாம் என்றேன். அது மெய். ஆனால் மாமியின் முகத்தைப் பார்க்கப் பயந்ததும் மெய். அப்பா என்னைவிட நல்ல மனிதர். “நாளைக்கு இன்னொருத்தன்ரை பிள்ளையை இன்னொருத்தன் போர்த்துவிட்டுப் போவான், தம்பி,” என்றார். பிறகு ஒரு கிழமை இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவர் இளைத்துக்கொண்டே போனார். டொக்டர் அவருடைய முகத்தைப் பார்த்தார். நெருக்கிக் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை எங்கள் வீட்டைப் பற்றி எழுதியதை வாசிக்க வந்தார்கள். வார்ட் விறாந்தையின் கடைசி வாங்கில் மாமியும் அப்பாவும் நானும். டொக்டர் எதிரே கதிரையில். மாமி கடகத்தைக் காலடியில் வைத்திருந்தார். சிவநேசன் நின்றுகொண்டு வாசித்தான். நல்ல குரல். கோயிலில் வாசகம் வாசிப்பதைப்போல இருந்தது. இரண்டு இளைஞர்கள், மத்தியான நேரம், வாடி. ஒருவருடைய தகப்பன் வந்தபோது மற்றவர் ஏற்கெனவே இறந்திருந்தார் என்று வாசித்தான். மாமி தலையை ஆட்டினார்.

“அது பிழை, தம்பி. அதை வெட்டுங்கோ,” என்றார் அப்பா.

சிவநேசன் டொக்டரைப் பார்த்தான். அப்பா அவர்களைப் பார்க்கவில்லை. மாமியின் பக்கம் திரும்பியிருந்தார்.

“பிலோமி, அவனுக்கு மூச்சு இருந்தது. குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தவன். நான் நித்திரை எண்டு நினைச்சன். நான்தான் பாய்ச்சீலையாலை போர்த்தனான். எழுப்பவேண்டாம் எண்டு மற்றவைக்கும் சொன்னது நான்தான்.”

மாமி அழுவார், மண் அள்ளிப் போடுவார் என்று நான் நினைத்தேன். அவர் டொக்டரிடம், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் மூச்சு இருந்திருக்கும் என்று கேட்டார். டொக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். சரியாகச் சொல்ல முடியாது, அரை மணித்தியாலம் இருந்திருக்கும், கூடவும் இருந்திருக்கலாம் என்றார். மாமி கடகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அப்பாவிடம் கேட்டார்.

“பலமாவோ விட்டவன்?”

“ஓம்.”

“என்ரை பிள்ளை குறட்டை விடுறேல்லை, அண்ணை. சின்னனிலை இருந்தே இல்லை. நான் அண்டைக்கு வீட்டிலைதான் இருந்தனான். ஒரு சொல்லுக் கேட்டிருந்தா ஓடிவந்து சொல்லியிருப்பன்.”

டொக்டர் மெதுவாக, இதை எழுதட்டுமா விடட்டுமா, எதுவானாலும் உங்கள் விருப்பம் என்றார். எழுதச் சொன்னார் மாமி. எல்லாக் கரையிலும் வாசிக்கச் சொன்னார். சிவநேசன் வாங்கின் நுனியில் இருந்து எழுதினான். மாமி எழுதியதைத் திரும்ப வாசிக்கவைத்துக் கேட்டுவிட்டு, சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று கடகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பாவின் செத்த வீட்டுக்கும் வரவில்லை.

நான் எழுதாமல் வைத்திருந்தது இதுதான். அந்த லொட்ஜ் அறையில் எட்டு மாதம் ரெஜிக்குப் பக்கத்தில் ஒரே பாயில் படுத்தவன் நான். அவன் குறட்டை விடமாட்டான் என்பது எனக்கும் தெரியும். அப்பா கட்டிலடியில் வந்து சொன்ன அந்த நிமிடமே அது என் நெஞ்சில் பட்டது. அவரிடம் சொல்லவில்லை. மாமி அதைச் சொன்னபோது அப்பா என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு முதலே தெரியும் என்று கண்டுகொண்டார்.

பின்னேரம் எனக்குத் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அப்பா மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டார். வாசல்வரை எனக்கு முன்னால் நடந்தார்.